கிருபாபாய் வீட்டு முகடு

உதியன்குளங்கரை சந்திப்பில் பரமசிவன் ஒரு டீக்கடை நடத்தினான். டீயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் பலகைமேல் ஒரு ரேடியோ இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி, தினமும் தூசி தட்டி, தன் பெண்டாட்டிக்குக் காட்டாத மரியாதையை அவன் அதற்குக் காட்டி வந்தான். சாயங்காலமானால் முதலில் மலையாளச் செய்தி, அப்புறம் தமிழ்ச் செய்தி. எல்லைப் போராட்டம் கொதித்துக் கிடந்த காலம். ஒரு பாஷையை வைத்து மற்றதை விட்டால் கடையின் கண்ணாடி டம்ளர்கள் மிஞ்சாது என்று பரமசிவனுக்குத் தெரியும்.

அந்த வருஷம் இடவ மாதத்து, அதாவது வைகாசியின், முதல் வாரத்தில் மலையாளச் செய்தி புயல் என்றது. அரபிக்கடலில் காற்று சுழன்று கிளம்பியிருக்கிறது, வரும் நாட்களில் தெற்குக் கடலோரத்தில் பலத்த காற்றும் பெருமழையும் இருக்கும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று வாசித்தார்கள். பரமசிவன் குமிழைத் திருகினான். தமிழ்ச் செய்தி எங்கெங்கோ வெயில் என்றது, எங்கோ தூறல் என்றது, இந்தக் கடலோரத்தின் பெயரையே எடுக்கவில்லை.

புத்தி உள்ள ஊராயிருந்தால், இது அவர்கள் பார்க்கிற கடல் இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய் விறகை உள்ளே எடுத்து வைத்திருக்கும். கொல்லயில் என்ற அந்த ஊருக்கு அந்த வருஷம் புத்தியைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. மாநில எல்லையை வகுக்கும் கமிஷன்காரர்கள் வந்து இரண்டு கட்சியிடமும் மனு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகா மதராஸுக்கா, திருவனந்தபுரத்துக்கா என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஊர் புயலைப் பங்கு வைத்தது. மலையாளக் கட்சிக்காரர்களுக்குப் புயல் வருகிறது. தமிழ்க் கட்சிக்காரர்களுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், புயலை வேறு பக்கம் திருப்பிவிடும் ஆண்டவரே என்று ஜெபித்தார். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை. சபையில் இரண்டு கட்சியும் காணிக்கை போடுகிறதே.

இந்தக் கூத்தில் கிருபாபாயின் கவலை ஒன்றே ஒன்றுதான். அவள் வீட்டுக் கூரை.

அவளுக்கு ஐம்பது வயது நடந்துகொண்டிருந்தது. கணவன் செல்லையன் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மண்சுவர் வீடும், மேலே ஓலைக் கூரையும், எவருக்கும் கடன்படாத ஒரு நாக்கும். ஓலைக் கூரையை வருஷா வருஷம் இடவ மாதப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் பிரித்துப் புது ஓலை மேய்ந்தாக வேண்டும். போன வருஷம் மேயவில்லை. மேய வேண்டிய ஆண்கள் பாதிப்பேர் ஊர்வலத்தில் இருந்தார்கள், மீதிப்பேர் அந்த ஊர்வலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மழையைத் தின்ற ஓலை இப்போது கறுத்து உளுத்துக் கிடந்தது. காக்கை உட்கார்ந்தாலே உள்ளே தூள் கொட்டியது.

ஓலை போனால் தொலையட்டும், வேறு முடையலாம். ஆனால் மேலே மூடியில்லாத மண்சுவரில் ஒரு நாள் மழை நின்று பெய்தால் சுவர் கரைந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சுவருக்கான மண்ணை அவளும் செல்லையனும் கல்யாணமான புதிதில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்துக் குழைத்தார்கள். அந்த மனிதன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

கூரை மேய்வதற்கு அந்தப் பக்கத்தில் கூலி கிடையாது. சொந்தக்காரரும் அக்கம்பக்கத்தாரும் அவரவர் கத்தியோடு வருவார்கள். காலையில் பழைய ஓலையைப் பிரித்தெறிந்தால் சாயங்காலத்துக்குள் புது ஓலை ஏறிவிடும். வீட்டுக்காரி மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைக்க வேண்டும். முகட்டை மூடிய பிறகுதான் சாப்பாடு, அதுதான் முறை. ஓலைக்குப் பஞ்சமில்லை. பழைய நில அளவை ஆபீஸ் குமாஸ்தா தாணுமாலயன் பிள்ளை தன் தென்னந்தோப்பில் விழுந்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கிருபாபாய் அதை ஊறவைத்து முடைந்து அடுக்கி வைத்திருந்தாள். ஆள்தான் வேண்டும். சொந்தம் என்று அவளுக்கு உள்ள ஆண்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இரண்டு கட்சி.

முதலில் கொழுந்தன் சத்தியதாஸிடம் போனாள். செல்லையனின் தம்பி, தையல்காரன், தமிழ்க் கட்சி. போன வருஷம் லாக்கப்பில் சில நாள் கிடந்தவன். வாங்கிய அடி ஆறிவிட்டது, பெருமை ஆறவில்லை. மிஷினில் கட்சிக்கொடி தைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். புயலாவது மண்ணாவது, சனிக்கிழமை எங்கள் ஜாதா ஊர்வலத்துக்கு ஆள் வராமலிருக்க திருவனந்தபுரத்துக்காரன் கட்டிவிட்ட கதை அது என்றான். இப்போது வந்து கூரை மேய்ந்தால் அவன் சொன்ன புயலை நான் நம்பியதாக ஆகிவிடும் என்றான். என் வீட்டுக் கூரையையே நான் தொடவில்லை, அது கொள்கை என்றான். அவன் பெண்டாட்டி தங்கபாய் உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தத்தில், அந்தக் கொள்கையைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது விளங்கியது.

“எலே, புயலுக்கு ஆரு மேயச் சொன்னா?” என்றாள் கிருபாபாய். “இடவப்பாதி மழை வருமா வராதா? அது தமிழ் மழைதானே? அதுக்காக்கும் கூப்பிடுதேன்.”

சத்தியதாஸ் யோசித்தான். மழை என்றால் வரலாம், கொள்கைக்குப் பங்கமில்லை என்று ஒத்துக்கொண்டான்.

அங்கிருந்து தன் தம்பி நேசையனிடம் போனாள். நெய்யாற்றின்கரையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூன். வீட்டில் பேசுவது, கனவு காண்பது, பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவது எல்லாம் தமிழில்தான். ஆனால் தாலுகா மதராஸுக்குப் போனால் வேலை என்னாகுமோ என்ற பயத்தில் அவன் மலையாளக் கட்சி. அவனுக்குப் புயல் வருவதில் சந்தேகமே இல்லை. சர்க்கார் சொன்ன புயல் வராமல் போகுமா? அவன் வீடு ஓட்டு வீடு, ஆகவே அவனுக்குப் பயமும் இல்லை. ஆனால் அந்தத் தையல்காரன் ஏறுகிற கூரையில் நான் ஏறமாட்டேன் என்றான். சாதாரண மழைக்கு மேய்கிறோம் என்று அவன் ஊரெல்லாம் சொல்வான், அது சர்க்காரை அவமதிப்பதாகும் என்றான்.

அவன் கிடக்கிறான், நான் மேய்வது புயலுக்குத்தான், ரேடியோ சொன்ன அதே புயலுக்கு என்று கிருபாபாய் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். நேசையன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்கு ஆளோடு வருகிறேன் என்றான்.

வழியில் நடந்து வரும்போது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஒரே கூரைக்கு இரண்டு பேரிடம் இரண்டு பேச்சு. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், அவரும் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு கூட்டமும் வந்து சேர்ந்தது. பழையதைப் பிரித்தெறிவதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெயில் ஏறுமுன் வீடு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கிருபாபாய் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள். கூரை தாங்கும் கழுக்கோல்களுக்கு மேலே மேற்கிலிருந்து மேகம் போய்க்கொண்டிருந்தது.

வீடு கிழக்கு மேற்காக நீண்டது. ஆகவே கூரைக்குத் தெற்கே ஒரு சரிவு, வடக்கே ஒரு சரிவு. யாரும் சொல்லாமலே தெற்குச் சரிவில் சத்தியதாஸின் ஆட்கள் ஏறினார்கள். அது நாகர்கோவில் பக்கம். வடக்குச் சரிவில் நேசையனின் ஆட்கள். அது திருவனந்தபுரத்துப் பக்கம். கீழே கூரை விளிம்பான இறவாணத்திலிருந்து வரிசை வரிசையாக ஓலை கட்டிக்கொண்டு மேலே போனார்கள். ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்ற வெறியில் வேலை பறந்தது. ஊரில் எந்தக் கூரையும் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை. இந்தப் போராட்டத்தால் கடைசியில் நமக்கும் ஒரு நன்மை உண்டு என்று கிருபாபாய் அடுப்படியில் நின்று மனசு குளிர்ந்தாள். முற்றத்து அடுப்பில் சாளை மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி இரண்டு சரிவும் முகட்டில் வந்து முட்டின. வேலை நின்றது.

முகட்டு ஓலையை இரண்டு பக்கமும் மடிந்து விழும்படி போட்டுக் கட்டுவார்கள். ஒரு பக்கத்தார் முதலில் போட, மற்றவர் அதன்மேல் போடுவார். கடைசியாகப் போடுகிறவரின் ஓலை அடுத்தவர் சரிவின் மேல் ஒரு முழம் ஏறிக் கிடக்கும். மற்ற வருஷங்களில் அதை யாரும் கவனித்ததுகூட இல்லை. இந்த வருஷம் கவனித்தார்கள். உன் ஓலை என் சரிவில் ஒரு முழம் வரும் என்றான் சத்தியதாஸ். உன் ஓலை என் சரிவில் வந்தால் மட்டும் சரியா என்றான் நேசையன். பேச்சு வளர்ந்தது. கோபம் தலைக்கேறினால் சத்தியதாஸுக்கு மலையாளம்தான் வாயில் வரும், அதுவே வந்தது. கெட்ட வார்த்தை சொல்ல நேசையனுக்குத் தமிழை விட்டால் வேறு வழியில்லை, அவன் அதைச் சொன்னான். கீழே நின்றவர்களுக்கு யார் எந்தக் கட்சி என்பதே குழம்பிப்போனது.

அந்த நேரம் பார்த்துத் தாணுமாலயன் பிள்ளை தன் ஓலை எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கக் குடையோடு வந்தார். ஆயுசெல்லாம் அடுத்தவர் எல்லையை அளந்த ஆபீஸில் இருந்தவர். இரண்டு கட்சிக்கும் அவர்மேல் நம்பிக்கை உண்டு, ஏனென்றால் அவர் எதிலும் ஒரு முடிவு சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாரும் இறங்கி வந்தார்கள். பிலாமரத்து நிழலில் அவருக்கு நாற்காலி போடப்பட்டது. தெற்குக்காரர்கள் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். செல்லையன் இருந்த காலத்தில் கடைசி ஓலை தெற்கிலிருந்துதான் போடப்பட்டது என்று சாட்சி வைத்தார்கள். வடக்குக்காரர்கள், வீட்டு வாசல் வடக்கே பார்த்திருப்பதால் முகடும் வடக்கைச் சேர்ந்ததுதான் என்றார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் வெற்றிலை முறுக்கான் போட்டார்.

மேற்கே வானம் கரி பூசிக்கொண்டு வந்தது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. கிருபாபாய் அகப்பையோடு வந்து நின்றாள்.

“ரெண்டு பக்கமும் கேட்டாச்சு,” என்றார் பிள்ளை. “ரெண்டிலயும் நியாயம் உண்டு. ஆலோசிச்சுச் சொல்லணும். அதுவரைக்கும் முகடு இருந்தபடியே இருக்கட்டும்.”

இரண்டு கட்சியும் தலையாட்டியது. அவர்களுக்கு அது நல்ல தீர்ப்பாகவே பட்டது. வீடு முழுநீளத்துக்கும் உச்சியில் வாய்பிளந்து கிடந்தது.

கிருபாபாய் வீட்டுக்குள் போனாள். உள்ளே முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முகட்டுப் பிளவுக்குக் கீழே நடுச்சுவர் நின்றது. அதன் தலையில் ஒரு துளி விழுந்து குழி பறித்தது, பக்கத்தில் இன்னொன்று. செம்மண் கரைந்து சுண்ணாம்புமேல் ஒரு கோடு இறங்கியது. அழுதுவிடுவோம் என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கோபம் வந்து காப்பாற்றியது.

வெளியே வந்து சேலையை இழுத்துச் சொருகினாள். கறிச்சட்டியின் கழுத்தில் கயிறு கட்டித் தோளில் தொங்கவிட்டாள். ஏணியில் கால் வைத்தாள். யாரோ அக்கா என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அவள் பாட்டுக்கு ஏறிப்போய் முகட்டு மரத்தின்மேல், குதிரைமேல் உட்காருவதுபோல, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கால் திருவனந்தபுரத்துப் பக்கம், ஒரு கால் நாகர்கோவில் பக்கம். கறிச்சட்டியை முன்னால் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் கூரையேறுவது அந்த ஊரில் கிடையாது. அதிலும் விதவை, அதிலும் பெண்கள் சங்கத்தில் ஜெபம் பண்ணுகிறவள். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். சைக்கிளில் போனவன் இறங்கினான். பிள்ளை மரியாதையாகத் தலையைத் திருப்பிக் குடையை விரித்து நடுவில் பிடித்துக்கொண்டார். சத்தியதாஸுக்கும் நேசையனுக்கும் ஒரே சமயத்தில் முகம் வெளுத்தது. நாளைக்குப் பரமசிவன் கடையில் எந்த பாஷையில் சொன்னாலும் செய்தி ஒன்றுதான்: இரண்டு ஆண்கள் கீழே நிற்க, வீட்டுக்காரி கூரை மேய்ந்தாள்.

“மைனி, எறங்கு. ஊரு பாக்குது,” என்றான் சத்தியதாஸ்.

“பாக்கட்டும். இந்த ஊரில ஆம்பிளையளுக்குக் கொடி பிடிக்க மட்டும்தான் தெரியும்ணு எல்லாவனும் பாக்கட்டும்,” என்றாள் கிருபாபாய். “எந்தப் பக்கத்து ஓலை மேல கெடக்கணும்ணு எனக்குத் தெரியாது மக்கா. முகடு மூடாம நான் எறங்கமாட்டேன். கறியும் எறங்காது.”

சாளைக் கறியின் மணம் காற்றில் இரண்டு பக்கமும் ஒருபோல இறங்கியது. காலையிலிருந்து வெறும் பச்சைத்தண்ணீர் குடித்து நின்ற ஆட்கள் தங்கள் தலைவர்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கட்சி இல்லை.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். யார் முதலில் போட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. நேசையன் ஓலை போட்டுக் கட்டினான். சத்தியதாஸ் அதன்மேல் தன் ஓலையைப் போட்டு, அவன் முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டான். விடுவானா நேசையன், அதற்கும் மேலே போட்டான். கிருபாபாய் கறிச்சட்டியோடு முகட்டு மரத்தில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள், அவளுக்கு முன்னால் முகடு மூடிக்கொண்டே வந்தது. கீழேயிருந்து ஓலை தூக்கிக்கொடுக்க ஆட்கள் திணறினார்கள். ஒரு அடுக்கு போதுமான இடத்தில் நான்கு அடுக்கு ஏறியது. ஒருவன் கட்டியதை மற்றவன் நம்பாததால் ஒவ்வொரு கட்டும் இரண்டு கட்டாக விழுந்தது. அடுக்கி வைத்த ஓலை தீருகிறவரை சண்டை ஓயவில்லை. மிஞ்சிய கடைசி ஓலையை அவளே வாங்கினாள். வடக்கும் இல்லாமல் தெற்கும் இல்லாமல், தான் உட்கார்ந்திருந்த மேற்கு மூலையில் நீளவாக்கில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள். கறிச்சட்டியை முற்றத்தில் வைத்து எல்லாருக்கும் இலை போட்டாள்.

மறுநாள் காலையில் புயல் வந்தது. எந்த ரேடியோவையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பொழியூர்க் கடலோரத்திலிருந்து தோப்புகளை மிதித்துக்கொண்டு உள்ளே ஏறியது. வாழையெல்லாம் படுத்தது. சத்தியதாஸ் கொள்கைக்காகத் தொடாமல் விட்ட கூரை, கட்சிக்கொடியோடு சேர்ந்து குளத்தூர்ப் பக்கம் போனது. நேசையனின் ஓட்டு வீட்டின்மேல் ஒரு தென்னை விழுந்து, அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு வழி போட்டுக்கொடுத்தது. முன்மத்தியானத்துக்குள் இரண்டு குடும்பமும் சட்டி பானையோடு, நனைந்த கோழிகளாகக் கிருபாபாய் வீட்டு வாசலில் நின்றன. தாழ்ந்த இறவாணம் அது, யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

உள்ளே கருப்பட்டிக் காப்பி கொதித்தது. சத்தியதாஸ் தெற்குச் சுவரோரமும் நேசையன் வடக்குச் சுவரோரமும் உட்கார்ந்தார்கள். பெண்கள் கட்சி பார்க்காமல் அடுப்பை ஒட்டி நெருங்கிக்கொண்டார்கள். மேலே காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள். கழுக்கோல்கள் முனகின. முகடு அசையவில்லை. ஒரு சொட்டுகூடக் கீழே வரவில்லை.

“ரேடியோ சொன்னது சொன்னபடி நடந்துதா இல்லியா?” என்றான் நேசையன் பொதுவாக.

சத்தியதாஸ் வேட்டியைப் பிழிந்துகொண்டே, இது புயல் ஒன்றுமில்லை, காற்று லேசாகக் கூடிப்போயிற்று என்றான். தங்கபாய் அவனைப் பார்த்த பார்வையில் காற்றே சற்று அடங்கியதுபோல் இருந்தது. பிறகு அவனுக்கு ஏதோ உறைத்தது. நேசையனிடம், நீ இந்தக் கூரையை எதற்கு மேய்ந்தாய் என்று கேட்டான். புயலுக்கு, அக்கா புயலுக்கென்றுதானே கூப்பிட்டாள் என்றான் நேசையன். என்னை மழைக்கென்றல்லவா கூப்பிட்டாள் என்றான் சத்தியதாஸ். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அந்த வருஷத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே கட்சி.

“மைனி, உள்ளதச் சொல்லு,” என்றான் சத்தியதாஸ். “புரை மேஞ்சது மழைக்கா, புயலுக்கா?”

கிருபாபாய் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“எனக்காக்கும்லே,” என்றாள். “நான் இதுக்குள்ள கெடக்குதேன். அது உங்க ரெண்டு பேருக்கும் ஒருநாளும் ஓர்மை வரல்லியே.”

நேசையன் தரையைப் பார்த்தான். சத்தியதாஸ் பிழிந்த வேட்டியையே மறுபடியும் பிழிந்தான். வெளியே இன்னொரு தென்னை எங்கோ விழுந்தது. அவள் இரண்டு டம்ளரையும் இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டு நடுச்சுவரண்டை போனாள். நேற்றுத் துளி விழுந்து கோடு இறங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.